முதுகெலும்பு அறுவைக்கு 4,60,000 ரூபாய்: கைக்காசு எங்கே குறையும்?

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 57 வயது. தையல் வேலை செய்கிறார். ஓராண்டாக இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி இருந்து, இப்போது தெருமுனைவரை நடந்தாலே கால் மரத்துப்போய் எங்காவது உட்கார்ந்துவிடும் நிலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4 எலும்பு அதன் கீழுள்ள எல்5 எலும்பின்மேல் முதல் நிலை (லேசான) அளவுக்கு முன்னால் நகர்ந்திருப்பதாகவும், அந்த இடத்தில் நரம்புப் பாதை சுருங்கியிருப்பதாகவும் வந்திருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனை, ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்று சொல்லி 4,60,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. 3,00,000 ரூபாய்க்குப் பாலிசி எடுத்து 28 மாதங்கள் ஆகின்றன. ஆனால் அதிலிருந்து 1,80,000 ரூபாய்தான் வரும் என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொல்லிவிட்டார்கள். மீதி 2,80,000 ரூபாய்க்கு அம்மாவின் நகையை விற்பதா, வட்டிக்கு வாங்குவதா என்பது அவருடைய கேள்வி.

இந்த வாரம் இரண்டையுமே செய்ய வேண்டாம் என்பது என் பதில். மருத்துவமனைகளின் பில்லிங் பிரிவிலும் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் அறுவைச் செலவில் குடும்பங்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி, அட்மிஷன் போடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய நான்கைந்து கேள்விகளைக் கேட்காததால் போகிறது என்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். கட்டிலில் படுத்த பிறகு பேரம் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

செலவுக் கணக்குக்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குச் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவத் தொடங்கினாலோ, கீழே எழுதியிருப்பதையெல்லாம் மறந்துவிட்டு அன்றே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோய்விடுங்கள். நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்படி எதுவும் இல்லாமல், நடந்தால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி என்ற அளவில் இருந்தால், சில வாரங்கள் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிவெடுக்கப் பெரும்பாலும் அவகாசம் உண்டு.

இனி எஸ்டிமேட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாளில் ஸ்க்ரூ, ராடு, கேஜ் (எலும்புகளுக்கு இடையே வைக்கும் தாங்கி) ஆகியவை அடங்கிய இம்ப்ளான்ட் 1,60,000. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு எல்லாம் சேர்த்து 1,75,000. ஆறு நாள் தனி அறை நாளுக்கு 7,500 வீதம் 45,000. மருந்தும் கையுறை முதலான பொருள்களும் 55,000. பரிசோதனைகள் 25,000 என்று இருக்கிறது. இதில் மிகப் பெரிய ஒற்றைச் செலவு இம்ப்ளான்ட். ஆகவே முதல் கேள்வி, ‘இம்ப்ளான்ட் இல்லாமல் நரம்பின் அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா?’ என்பதாக இருக்க வேண்டும்.

இது சிக்கனத்துக்காகக் கேட்கும் குறுக்குக் கேள்வி அல்ல. முதுகெலும்பு மருத்துவர்களே ஆண்டுக்கணக்காகத் தங்களுக்குள் விவாதித்துவரும் கேள்வி. உங்கள் அம்மாவைப்போலவே ஓரிடத்தில் எலும்பு நகர்ந்து நரம்புப் பாதை சுருங்கிய 267 பேரை நார்வேயில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அழுத்தத்தை நீக்கும் அறுவையை மட்டும் செய்தார்கள். மற்றொரு பிரிவுக்கு ஸ்க்ரூ வைத்து எலும்புகளையும் இணைத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டு கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 71 பேர், இரண்டாவதில் 73 பேர். சுவீடனில் 247 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதே ஆண்டு வெளியான, அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் மட்டும், எலும்பை இணைத்தவர்களுக்கு மறு அறுவை தேவைப்படுவது குறைவாக இருந்தது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்க்ரூ வைத்தே தீர வேண்டும் என்பதற்கு அம்மாவின் முதுகிலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தை அவர் உங்களுக்குக் காட்ட முடிய வேண்டும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் எலும்பு அசைகிறதா என்பதுதான். எம்.ஆர்.ஐ. படம் படுத்த நிலையில் எடுப்பது. அதில் நரம்பு எங்கே நசுங்குகிறது என்று தெரியுமே ஒழிய, நிற்கும்போதும் குனியும்போதும் எலும்பு வழுக்குகிறதா என்பது சரியாகத் தெரியாது. அதற்கு நின்றபடி குனிந்தும் பின்பக்கம் வளைந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே இருக்கிறது. செலவு மிகக் குறைவு. நீங்கள் அனுப்பிய தாள்களில் அந்த எக்ஸ்ரே இல்லை. அதை எடுத்துக்கொண்டு, எம்.ஆர்.ஐ. படத்தையும் குறுந்தகட்டையும் சேர்த்து (அறிக்கைத் தாள் மட்டும் போதாது) இன்னொரு முதுகெலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. அது நோயாளியின் உரிமை. வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை போன்று முதுகெலும்பு அறுவையைத் தனித் துறையாகவே நடத்தும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. போய்வரும் பஸ் செலவும் கன்சல்டேஷன் கட்டணமும் இந்த எஸ்டிமேட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டாவது மருத்துவரிடம் முதல் எஸ்டிமேட்டைக் காட்டாமல் படங்களை மட்டும் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டு மருத்துவர்களும் ஸ்க்ரூ வேண்டும் என்றே சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது அடுத்த கேள்வி, எந்த ஸ்க்ரூ என்பது. இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும் முழங்கால் மூட்டு மாற்று இம்ப்ளான்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. முதுகெலும்பு ஸ்க்ரூவுக்கு அப்படி உச்ச விலை இல்லை. பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும் பொருள் இது. பேசிக் குறைக்க இடமிருக்கிறது என்பதே இதன் பொருள். இந்தியத் தயாரிப்பு டைட்டானியம் செட் ஒன்று, இறக்குமதி செட் ஒன்று என இரண்டுக்கும் எழுத்தில் விலை கேளுங்கள். எத்தனை ஸ்க்ரூ, எத்தனை ராடு, எத்தனை கேஜ் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். மருத்துவர் தமக்குக் கை பழகிய செட்டையே விரும்பினால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்டதற்காகக் கோபப்படும் மருத்துவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பலருக்கு அந்த பில் எவ்வளவு வருகிறது என்றே தெரியாது.

இப்போது 1,80,000 என்ற கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் பணம் அதிகமாகக் கசிவது இங்கேதான். உங்கள் பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். எஸ்டிமேட்டில் போட்டிருப்பது 7,500 ரூபாய் அறை. அனுமதித்த வாடகை, எடுக்கும் அறையின் வாடகையில் நூற்றுக்கு நாற்பது என்பதால் மற்ற செலவுகளையும் நாற்பது சதவீதமாகக் குறைத்துவிடும் விதி பாலிசியில் இருக்கிறது. டெஸ்க்கில் இருந்தவர் என்ன செய்திருக்கிறார் என்றால், பாலிசியில் சேராத பொருள்களுக்காக 10,000 ரூபாயைக் கழித்துவிட்டு, இம்ப்ளான்ட் உட்பட மீதி எல்லாவற்றையும் நாற்பது சதவீதமாகக் குறைத்து 1,62,000 என்று போட்டு, அதோடு ஆறு நாள் வாடகை 18,000ஐக் கூட்டியிருக்கிறார். அதனால்தான் 1,80,000 வந்தது.

இது தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, மருந்தும் அதோடு சேர்ந்த பொருள்களும், உடலில் வைக்கும் இம்ப்ளான்ட், பரிசோதனைகள் ஆகிய மூன்றையும் அறை வாடகையைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்தையும் குறைக்கக் கூடாது. அறை வகுப்புக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் இந்தக் குறைப்பே பொருந்தாது. ஆகவே உங்கள் கணக்கில் குறைய வேண்டியது மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்குக் கட்டணமும் மட்டுமே: 1,75,000 என்பது 70,000 ஆகும். இம்ப்ளான்ட் 1,60,000 முழுதாக, மருந்தில் சேராத 10,000 போக 45,000, பரிசோதனை 25,000, வாடகை 18,000. கூட்டினால் 3,18,000. பாலிசியின் உச்சம் 3,00,000 என்பதால் அந்த மூன்று லட்சமும் உங்களுக்கு வர வேண்டும். ஒரு வரியைச் சரியாகப் படித்தாலே 1,20,000 ரூபாய் திரும்பிவிடுகிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் ‘தொடர்புடைய மருத்துவச் செலவுகள்’ என்பதற்கான விளக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி, அடிக்கோடிட்டு, அந்தப் பக்கத்தோடு டெஸ்க்குக்குப் போங்கள்.

அதைவிட நல்ல வழி 3,000 ரூபாய்க்குள் வரும் அறையையே எடுப்பது. தனி அறையில் படுக்க வைக்காவிட்டால் அம்மாவைக் குறைத்துவிட்டதாக உறவினர்கள் நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் வீடுகளில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் அறையின் வகுப்பு ஏறினால் மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் சேர்ந்தே ஏறும். செய்கிற கை ஒன்றே, மேசையும் ஒன்றே. நாளுக்கு 3,000 ரூபாய் பொது அறைக்கு அந்தக் கட்டணம் 1,30,000 என்று வைத்துக்கொண்டால் மொத்த பில் 3,88,000 ஆகும். காப்பீடு 3,00,000 கொடுத்தால் உங்கள் கையிலிருந்து 88,000. இம்ப்ளான்டை 1,00,000 ரூபாய் செட்டுக்கு மாற்றினால் கைக்காசு 28,000. இம்ப்ளான்டே தேவையில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், சேராத பொருள்களுக்கான அந்தப் பத்தாயிரத்தோடு முடிந்துவிடும். பொது அறைக் கட்டணமும் மாற்று செட்டின் விலையும் நான் எடுத்துக்காட்டுக்குப் போட்டவை. உண்மை எண்களை மருத்துவமனையில் கேட்டு நீங்களே இதே வரிசையில் எழுதிப் பாருங்கள்.

காப்பீடு முழுதாக மறுக்கப்படும் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. டிஸ்க், முதுகெலும்பு நோய்களுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு. நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். ஆனால் பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவரிடம் காட்டிய நோயாக இருந்தால் அது ஏற்கெனவே இருந்த நோய் என்ற கணக்கில் வரும். அதற்குக் காத்திருப்பு 36 மாதம்வரை போகலாம். அட்மிஷனின்போது இளம் மருத்துவர் ஒருவர் வந்து ‘எத்தனை நாளாக வலி?’ என்று கேட்பார். அம்மா வெள்ளந்தியாக, ‘அது கெடக்குதுய்யா, அஞ்சாறு வருஷமா இடுப்பு வலிதான்’ என்பார். தையல் மிஷினில் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாலையில் வரும் அலுப்பையும் சேர்த்து அவர் சொல்வது அது. அந்த மருத்துவர் ‘ஐந்தாண்டாக முதுகு வலி’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரியைக் காட்டி கிளெய்மை நிறுத்திவைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் பாலிசியே போய்விடும். கால் மரத்து நடக்க முடியாமல் போனது எந்த மாதத்திலிருந்து, முதன்முதலில் மருத்துவரிடம் காட்டியது எப்போது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சீட்டுகளோடு அந்த மருத்துவர் கையில் கொடுங்கள் என்கிறேன்.

கேஷ்லெஸ் (முன்பணம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுக்கும் முறை) அனுமதியில் முதலில் வரும் தொகை இறுதியானது அல்ல. ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். கிளெய்ம் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. கணக்கில் தவறு இருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய்வரையான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். இந்த வழி இருப்பது தெரியாமல் வந்ததை வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அரசு வழியையும் நீங்கள் தள்ளிவைக்கக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய்வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதுகெலும்பு அறுவைகள் பல அதில் வருகின்றன. அம்மாவும் அப்பாவும் ஊரில் தனி ரேஷன் கார்டில் இருந்து, அவர்கள் வருமானம் உண்மையிலேயே அந்த வரம்புக்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்துக்கு அவர்களை நேரில் அழைத்துப் போங்கள். நீங்கள் ஒரே கார்டில் இருந்தால் உங்கள் சம்பளத்தை மறைத்துச் சான்று வாங்க முயல வேண்டாம். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யில் உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. மாதாமாதம் பிடித்தம் போகிறதே என்று முனகுகிற பலர் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

அரசு மருத்துவமனை என்றதும் பலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை இராசாசியிலும் தினமும் முதுகையும் மூளையையும் திறந்து பழகிய கைகள் இருக்கின்றன. காத்திருப்பு அதிகம், கூட்டம் அதிகம், உடனிருப்பவருக்கு வசதி குறைவு, இவை உண்மை. அவசரமில்லாத அறுவைக்கு அந்தக் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதை அம்மாவின் வலியைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முப்பதாயிரமோ எண்பதாயிரமோ துண்டு விழுந்தால், முதலில் உங்கள் வருங்கால வைப்பு நிதியைப் பாருங்கள். பெற்றோரின் சிகிச்சைக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதுவும் போதாவிட்டால் நகையை விற்காமல் வங்கியில் அடகு வையுங்கள். மருத்துவமனை வாசலிலேயே ‘வட்டியில்லாத் தவணை’ என்று கொடுக்கும் கடன்களில் பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் என்ன பிடிக்கிறார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் நாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், அப்பாவுக்கு ஸ்க்ரூ வைத்த ஒரு பெண் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து விரலால் எண்ணினார். படத்தில் வெள்ளை வெளேரென்று நான்கு ஸ்க்ரூ, பில்லில் ஆறு. கேஸ் ஷீட்டைத் திறந்தோம். இம்ப்ளான்ட் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டும் ஸ்டிக்கர்களும் நான்குதான் இருந்தன. அரங்குக்குள் எடுத்துவைத்த ஆறும் பில்லில் ஏறிவிட்டது, பயன்படுத்தாமல் திரும்பிய இரண்டு கழிக்கப்படவில்லை. அரை மணி நேரத்தில் பில்லைத் திருத்திக் கொடுத்தோம். அவர் எண்ணியிராவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்களும் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கரின் நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வேண்டும் என்று கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகும் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவுகளைப் பல பாலிசிகள் ஏற்கும். ஆனால் காப்பீட்டுத் தொகை முழுதும் தீர்ந்துவிட்டால் இவற்றுக்கு இடமிருக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்த தேதி அந்த 30 நாளுக்குள் வருகிறதா என்று பார்த்து, அவசரமில்லை என்றால் அட்மிஷன் தேதியை முடிவு செய்யும்போதே அதையும் கணக்கில் கொள்ளுங்கள். நரம்பு வலிக்கு எழுதித் தரும் மாத்திரைகளின் மூலப்பெயரைக் கேட்டு வாங்கி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ காட்டினால் மாதச் செலவு கணிசமாகக் குறையும். பாலிசிப் புத்தகத்தின் அறை வாடகைப் பக்கத்தையும் விளக்கங்கள் பகுதியையும் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் பாலிசியின் சொற்களை வைத்தே டெஸ்க்குக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதித் தருகிறேன்.